ஐப்பசியில் அன்னபூர்ணா: நண்பர்களோடு புறப்படும் முன் தீர்மானிக்க வேண்டியவை

கோவையிலிருந்து நண்பர்கள் ஆறு பேர், அக்டோபர் பிற்பாதியில், நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடந்து போய்வர விரும்புகிறீர்கள். எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் விடுப்புதான் கிடைக்கிறது. உங்களில் ஒருவருக்கு வயது 52. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறார். பொக்காராவில் தொடங்கிப் பொக்காராவில் முடியும்படி ஆறே நாளில் கூட்டிப்போய்க் கூட்டிவருவதாக ஒரு பயண நிறுவனம் அட்டவணை கொடுத்திருக்கிறது. எல்லோருமே வெள்ளியங்கிரி ஏறி இறங்கியவர்கள் என்பதால் உடம்பு தாங்கும் என்று நம்புகிறீர்கள். இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், ஆனால் அந்த ஆறு நாள் அட்டவணையில் போகக்கூடாது என்பதுதான் என் பதில். அடிவார முகாமுக்கு, வீட்டைவிட்டுக் கிளம்பி வீடு திரும்பும் வரை 13 நாள் வேண்டும். ஒன்பது நாளுக்கு மேல் ஒருவருக்குக்கூடக் கிடைக்காது என்றால், அதே மலைத்தொடரின் கோரேபானி, புன் ஹில், கந்த்ருக் வழியை எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் விடுப்புக்குள் நிம்மதியாக முடியும்; அன்னபூர்ணா, தௌலகிரி இரண்டையும் விடியலில் பார்த்துவிடலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே யாரும் சிக்கலில் மாட்டுவது பாதையின் கடினத்தால் அல்ல. படிகளும் விடுதிகளும் உள்ள பாதைதானே என்று நாட்களைக் குறைத்துக்கொண்டு வந்து, பிறகு அந்த அட்டவணையைக் காப்பாற்றுவதற்காக நடக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் வெள்ளியங்கிரி. ஏழு மலை ஏறிய கால் எந்த மலைக்கும் பயன்படும், சந்தேகமில்லை. ஆனால் வெள்ளியங்கிரியின் உச்சி 1,800 மீட்டருக்குள்தான்; இரவில் ஏறி, சுயம்புவைத் தரிசித்து, மறுநாள் பகலுக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுகிறோம். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குத்தான். இந்தக் குறைவுக்கு உடம்பு பழகுவதற்குத் தசை வலிமை உதவுவதில்லை, நாட்கள்தான் உதவுகின்றன. நன்றாக ஓடிப் பழகிய முப்பது வயதுக்காரர் தலைவலியில் சுருண்டு படுத்திருக்க, மெதுவாக வந்த அறுபது வயதுக்காரர் பக்கத்து மேசையில் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை அந்த விடுதிகளில் அடிக்கடி பார்க்கலாம். யாருக்கு ஒத்துக்கொள்ளும், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒருமுறை ஒத்துக்கொண்டவருக்கு அடுத்த முறையும் ஒத்துக்கொள்ளும் என்ற உறுதியும் கிடையாது.

பருவம் பற்றி நீங்கள் தேர்ந்தெடுத்தது சரி. நமக்கு ஐப்பசி என்றால் அடைமழை. அங்கே அதே நாட்களில் தென்மேற்குப் பருவமழை விலகி, தூசி கழுவப்பட்ட வானம் காலை நேரங்களில் பளிச்சென்று இருக்கும். கீழ் ஊர்களில் படிவயல்களில் நெல் முற்றிப் பொன்னிறமாக நிற்கும். கேழ்வரகுக் கதிர் கனத்துத் தலைசாய்ந்திருக்கும். மேலே, 3,500 மீட்டருக்கு அப்பால், மழைக்காலப் பச்சை வடிந்து புல்லெல்லாம் செம்பழுப்பாகிவிடும். ரோடோடென்ட்ரான் காடு சிவப்பாகப் பூத்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது மார்ச், ஏப்ரல் காட்சி, இப்போது எதிர்பார்க்காதீர்கள். அக்டோபர் முதல் வாரத்தைவிடப் பிற்பாதி நல்லது. மழை விலகுவது சில ஆண்டுகளில் தாமதமாகும். 2024 செப்டம்பர் கடைசியில் பெய்த பெருமழையின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் நேபாளத்தில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மேலும், முதல் வாரத்தில் கீழ்க்காடுகளில் அட்டைத் தொல்லை இன்னும் இருக்கும்.

பிற்பாதி என்றால் தசைன், திகார் பண்டிகைகளை நினைவில் வையுங்கள். தசைன் சில ஆண்டுகளில் அக்டோபர் பிற்பாதியிலேயே வரும். நேபாளத்தில் ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் போவார்கள். பேருந்து கிடைக்காது, சுமைதூக்கிகள் குடும்பத்தோடு இருக்க விரும்புவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால், மூங்கில் நட்டுக் கட்டிய உயரமான ஊஞ்சல்களில் குழந்தைகள் ஆடுவதையும், நெற்றி நிறைய அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்த திலகம் இட்ட பெரியவர்களையும் வழியெல்லாம் பார்க்கலாம்.

இந்தத் தெளிந்த வானத்துக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது; அது நம் வங்காள விரிகுடாவிலிருந்து வருவது. 2014 அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. அதன் எச்சம் வடக்கே நகர்ந்து இமயமலையில் மோதி, 14ஆம் தேதி அன்னபூர்ணாவின் வடபுறத்தில் பெரும் பனிப்பொழிவாக இறங்கியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்கள் இடுப்பளவு பனியில் வழி தெரியாமல் சிக்கினார்கள். அந்த வட்டாரத்தில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளிநாட்டுப் பயணிகளும், உள்ளூர் வழிகாட்டிகளும், சுமைதூக்கிகளும், மேய்ப்பர்களும் அதில் அடக்கம். மழையே இல்லாத மாதம் என்று எல்லோரும் நம்பிப் போன அக்டோபரின் நடுவில் அது நடந்தது. நாம் புயல் சின்னம், காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே பொக்காராவிலிருந்து கிளம்பும் நாளன்றும், கைப்பேசித் தொடர்பு கிடைக்கும் ஒவ்வொரு மாலையிலும், இந்திய வானிலைத் துறையின் வங்கக்கடல் அறிக்கையை ஒருவர் பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும். ஒடிசாவுக்கோ ஆந்திராவுக்கோ புயல் வருகிறது என்றால், அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு நீங்கள், முகாமுக்குப் போகும் வழியில் உள்ள தியோராலி என்ற இடத்துக்குக் கீழேயே இருந்துவிடுங்கள். அட்டவணையில் ஒரு நாளாவது மிச்சம் இருந்தால்தான் இது சாத்தியம். ஆறு நாள் திட்டத்தில் அந்த நாள் இல்லை.

இனி, வழி. கோவையிலிருந்து ரயிலில் போகும் ஆசை இருந்தால், ராப்திசாகர் எக்ஸ்பிரஸில் கோரக்பூர் வரை போய், சுனௌலி எல்லையைக் கடந்து பொக்காரா சேரலாம். நல்ல பயணம்தான், ஆனால் போகவே மூன்று நான்கு நாள் பிடிக்கும். விமானத்தில் டெல்லி வழியாகக் காட்மாண்டு, மறுநாள் பொக்காரா. சாலை வழியே ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான் என்றாலும் முழுப் பகலும் போய்விடும். விமானத்தில் அரை மணி நேரம். பொக்காராவிலிருந்து ஜீப்பில் கந்த்ருக். அங்கிருந்து நடை. இரண்டாம் இரவு சோம்ரோங், மூன்றாம் இரவு தோவான், நான்காம் இரவு தியோராலி, ஐந்தாம் இரவு மச்சபுச்ரே அடிவார முகாம், ஆறாம் நாள் விடியலில் அன்னபூர்ணா அடிவார முகாம் போய்ப் பார்த்துவிட்டு இறங்கித் தோவான், ஏழாம் இரவு ஜினு தண்டா, எட்டாம் நாள் ஜீப்பில் பொக்காரா. இத்தோடு காட்மாண்டுக்குப் போக வர நான்கு நாளும், மிச்சமாக ஒரு நாளும் சேர்த்தால் 13 ஆகிறது.

கந்த்ருக் முதல் சோம்ரோங் வரை குருங் மக்களின் ஊர்கள். கல் பாவிய முற்றமும் சிலேட்டுக் கூரையும் கொண்ட வீடுகள். பிரிட்டிஷ், இந்தியப் படைகளின் கூர்க்கா படைப்பிரிவுகளில் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றியவர்களின் குடும்பங்கள். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் 1986இல் கந்த்ருக்கில்தான் தொடங்கப்பட்டது. மேலே உள்ள விடுதிகளில் விறகு எரிக்கத் தடை இருப்பதற்கும், காடு இன்னும் காடாக இருப்பதற்கும் அந்தத் திட்டமும் இந்த ஊர்க்காரர்களின் குழுக்களும்தான் காரணம். கந்த்ருக்கிலிருந்து சோம்ரோங் வரைபடத்தில் பக்கத்தில் தெரியும். நடுவே கிம்ரோங் ஆற்றுப் பள்ளத்தாக்கில் முழுதாக இறங்கி, மறுபக்கம் முழுதாக ஏற வேண்டும்.

சோம்ரோங்கின் படிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரின் மேல்முனையிலிருந்து ஆற்றுப் பாலம் வரை கருங்கல் படிகள் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. ஒரு படி முழங்கால் உயரம் இருக்கும், அடுத்தது சாண் உயரம்தான் இருக்கும். கோவில் படியைப்போல ஒரே தாளத்தில் கால் வைக்க முடியாது. கோவேறு கழுதைகள் மணி குலுங்க எதிரே வரும்போது, பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைச்சுவரை ஒட்டி ஒதுங்கி நில்லுங்கள். அவற்றின் மூட்டை இடித்தால் நிலைதடுமாறிக் கீழே போய்விடுவீர்கள். பாலம் தாண்டிச் சினுவாவுக்கு மறுபடி ஏற்றம். திரும்பி வரும் நாளில், ஐந்தாறு மணி நேரம் நடந்து களைத்த பிறகு, அதே படிகளில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். மேலே ஏறும்போது திணறாதவர்கள்கூட இந்த ஏற்றத்தில்தான் பேச்சின்றி நிற்பார்கள். ஆகவே பயிற்சி என்று எதையாவது செய்வதானால் படி இறங்கிப் பழகுங்கள்: இரண்டு மாதம், வாரத்தில் நான்கு நாள், அடுக்குமாடிப் படிக்கட்டு, முதுகில் ஐந்தாறு கிலோ சுமை. மருதமலைப் படிகள் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஏறுவதற்கு நெஞ்சு பழகிவிடும். இறங்குவதற்கு முழங்காலைச் சுற்றிய தசை பழகியிருக்க வேண்டும். ஊன்றுகோல் இரண்டு, ஒன்று போதாது.

சினுவாவைத் தாண்டியதும் ஊர்கள் முடிந்து விடுதிகள் மட்டுமே. மூங்கிலும் பாசியும் அடர்ந்த ஈரக்காட்டில், மோதி கோலா ஆறு கீழே இரைந்துகொண்டே வர, பாதை போகிறது. தோவானைத் தாண்டிப் பாதையோரத்தில் பராஹா தெய்வத்தின் சிறு கோவில் இருக்கிறது. அதற்கு மேலே உள்ள நிலம் முழுவதும் குருங் மக்களுக்குப் புனிதமானது. மாமிசம் கொண்டுபோவதில்லை என்பது மரபு. நம் மலைக்கோவில்களுக்கு விரதமிருந்து போகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உலர்ந்த இறைச்சிப் பொட்டலம் எதுவும் பையில் இருந்தால் சோம்ரோங்கிலேயே விட்டுவிடுங்கள். பருப்பும் சோறும் கீரையும் ஊறுகாயும் கொண்ட தால் பாத், எல்லா விடுதியிலும் கிடைக்கும். கேட்கக் கேட்கப் பரிமாறுவார்கள். பீட்சா, பாஸ்தா என்று அட்டையில் இருக்கிறதே என்று ஆளுக்கொன்று கேட்காதீர்கள். ஆறு பேரும் தால் பாத் கேட்டால் சமையற்கட்டில் இருப்பவருக்கும் எளிது, உங்கள் வயிற்றுக்கும் நல்லது. தங்கும் விடுதியிலேயே சாப்பிட வேண்டும் என்பது அங்குள்ள எழுதாத சட்டம். அறை வாடகையைக் குறைவாக வைத்து உணவில்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

ஹிமாலயா என்ற விடுதிக் கூட்டத்துக்கும் தியோராலிக்கும் நடுவே ஹின்கோ குகை. பெரிய பாறையின் கீழ் ஒதுங்கிடம். அங்கிருந்து மச்சபுச்ரே முகாம் வரை பள்ளத்தாக்கு ஒடுங்கிவிடுகிறது. இடதுபுறச் செங்குத்துச் சுவருக்கு மேலே, பாதையிலிருந்து கண்ணுக்கே தெரியாத உயரத்தில், ஹியுஞ்சுலி சிகரத்தின் பனிச்சரிவுகள் இருக்கின்றன. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே திரண்ட பனி அறுந்து ஓடைகளின் வழியே பாதைக்கு வரும். 2020 ஜனவரி 17ஆம் தேதி தென் கொரியர்கள் நால்வரும் நேபாளிகள் மூவரும் இந்தப் பகுதியில்தான் பனிச்சரிவில் புதைந்தார்கள். அக்டோபரில் புதுப்பனி விழாதவரை அபாயம் குறைவு. விழுந்தால், வானம் திறந்தபின்னும் ஒன்றிரண்டு நாள் காத்திருந்து, விடுதிக்காரர்கள் போகலாம் என்று சொன்ன பிறகே போக வேண்டும். போகும்போதும் அதிகாலையில் கிளம்பி, ஓடைகள் குறுக்கிடும் இடங்களில் படம் எடுக்க நிற்காமல், ஒருவர் கடந்தபின் ஒருவராகக் கடந்துவிடுங்கள். அங்கே மாற்றுப்பாதை ஒன்று ஆற்றின் மறுகரையில் உண்டு. எப்போது எந்தக் கரை என்பதை உள்ளூரார் சொல்வார்கள்.

இப்போது உங்கள் அட்டவணையில் நான் முழுமையாக மறுக்கும் இடத்துக்கு வருகிறேன். அது நான்காம் நாள் தியோராலியிலிருந்து நேரே அன்னபூர்ணா முகாமுக்குப் போய் இரவு தங்கச் சொல்கிறது. தியோராலி ஏறத்தாழ 3,230 மீட்டர், முகாம் 4,130. ஒரே நாளில் தூங்கும் உயரம் 900 மீட்டர் கூடுகிறது. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்ட வேண்டும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. மச்சபுச்ரே முகாம் 3,700 மீட்டர். அங்கே ஓர் இரவு தங்கினால் ஏற்றம் 470 மீட்டரில் நிற்கிறது. மறுநாள் நான்கு மணிக்குத் தலைவிளக்கோடு கிளம்பி, இரண்டு மணி நேரம் மெதுவாக நடந்தால் சூரியன் தொடும் வேளைக்கு மேலே இருப்பீர்கள், பகலுக்குள் இறங்கிவிடலாம். மேலே தூங்காமலே முழுக் காட்சியும் கிடைக்கிறது. அங்கே போய் ஓர் இரவு தங்காமலா என்று நண்பர்கள் கேட்பார்கள். அந்த இரவில் பெரும்பாலோர் தூங்குவதே இல்லை, மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருப்பார்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், மிகுந்த அசதி இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது உயர நோய் என்றே கொள்ள வேண்டும். வெயில், தூக்கக்குறைவு, தண்ணீர் குடிக்காதது என்று வேறு காரணம் தேடக்கூடாது. அந்த நிலையில் மேலே ஏறக்கூடாது. ஒரு நாள் அதே இடத்தில் இருந்தும் குறையாவிட்டால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் தொடத் தொட நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமல் விடாமல் வந்தாலோ நுரையீரலில் நீர். இவை இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது; இரவானாலும் ஆள் துணையோடு உடனே இறக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் இரத்த ஆக்சிஜன் 85 என்று காட்டினால் அந்த உயரத்தில் அது சாதாரணம்தான். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அறிகுறியை ஒதுக்கிவிடாதீர்கள். அசெட்டசோலமைடு மாத்திரையைத் தடுப்பாக எடுத்துக்கொள்வதைப் பற்றி, ஆறு பேரும் ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். உங்கள் 52 வயது நண்பர் இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் போகலாம். ஆனால் உயரத்தில் அழுத்தம் கூடும், அவர் சாப்பிடும் மாத்திரையோடு அசெட்டசோலமைடு ஒத்துப்போகுமா என்பதும் பார்க்க வேண்டும். டிரெட்மில் பரிசோதனையும் இதய மருத்துவரின் ஒப்புதலும் இல்லாமல் அவரைக் கூட்டிப்போகாதீர்கள்.

நண்பர்களோடு போவதில் உள்ள சிக்கல் இங்கேதான் தலைகாட்டும். முன்பின் தெரியாதவர்களோடு போகிறவன், தலை வலிக்கிறது என்றால் சொல்லிவிடுவான். நண்பர்களோடு போகிறவன் மறைப்பான், தன்னால் மற்றவர்களின் பயணம் கெடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில். எங்கள் குழுவில் ஒருவர், தோவானில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டவர், தியோராலியில் தட்டை அளைந்துகொண்டே இருந்தார். சோற்றை ஒரு பக்கம் ஒதுக்கி, பருப்பைக் கரண்டியால் கலக்கி, ஒரு வாய்கூட வைக்கவில்லை. கேட்டதற்கு, “ஒன்றுமில்லை, நடந்த அசதி. காலையில் சரியாகிவிடும்” என்றார். பேசும்போது நெற்றிப் பொட்டை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். தரைப்பலகையின் கோட்டின் மேல் நடக்கச் சொன்னோம், நேராகவே நடந்தார். மறுநாள் காலையிலும் அவரால் தேநீரைக்கூடக் குடிக்க முடியவில்லை. யார் இறங்க நேர்ந்தாலும் கூட இருவர் இறங்குவது, யார் அந்த இருவர் என்பது வரை நாங்கள் பொக்காராவிலேயே பேசி வைத்திருந்தோம். அதனால் அன்று விவாதமே எழவில்லை. அவரும் இருவரும் தோவானுக்கு இறங்கினார்கள். மாலைக்குள் தலைவலி போய் அவர் மறுபடி இரண்டாம் முறை சோறு கேட்டார். மற்றவர்கள் மேலே போய்விட்டுத் தோவானில் வந்து சேர்ந்துகொண்டோம்.

ஆகவே நீங்களும் கிளம்பும் முன் உட்கார்ந்து இவற்றைப் பேசி முடித்துவிடுங்கள். ஒவ்வொரு மாலையும் ஆறு பேரும் தலைவலி, பசி, தூக்கம் மூன்றையும் பற்றி ஒருவர் விடாமல் சொல்ல வேண்டும். நோயுற்றவர் தனியாக இறங்கக்கூடாது. நடையில் கடைசியாக வருபவருக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர்கள் காத்திருந்து, அவர் வந்து சேர்ந்தவுடன் எழுந்து கிளம்பிவிடக்கூடாது, அவருக்கும் மூச்சு வாங்கிக்கொள்ள நேரம் தர வேண்டும். மெதுவாக நடப்பவரின் வேகத்தில்தான் அன்றன்றைய தூரத்தைக் கணக்கிட வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு எந்த விடுதி பக்கத்தில் இருக்கிறதோ அதோடு அன்றைய நடையை நிறுத்திக்கொள்ளுங்கள். மேகம் பள்ளத்தாக்கில் ஏறிவருவதும் அறைகள் நிரம்புவதும் அந்த நேரத்துக்குப் பிறகுதான். மச்சபுச்ரே முகாமில் விடுதிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆறு பேருக்கு அக்டோபரில் இடம் கிடைக்க, தோவானிலிருந்தே வழிகாட்டி மூலம் சொல்லி வையுங்கள். இடம் இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கூடத்தின் பெஞ்சுகளில் படுக்க நேரும்.

வழிகாட்டி வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டினர் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் மலைநடைப் பாதைகளில் செல்லக்கூடாது என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. சட்டம் ஒருபுறம் இருக்க, பனிச்சரிவு அபாயம் பற்றியும் விடுதி இடம் பற்றியும் மேலிருந்து வரும் செய்தியை அவர்தான் உங்களுக்குப் பெற்றுத்தர முடியும். சுமைதூக்கி இருவருக்கு ஒருவர், மொத்தச் சுமை 20 கிலோவுக்கு மேல் வேண்டாம். அவருக்குக் காப்பீடு உண்டா, குளிருக்குச் சட்டையும் நல்ல காலணியும் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்டு, இல்லையென்றால் நீங்களே வாங்கிக்கொடுங்கள். அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும், உங்களில் ஒருவருக்குச் செய்வதையே செய்ய வேண்டும்: துணையோடு இறக்க வேண்டும், கூலியைக் குறைக்கக்கூடாது. 2014இல் இறந்தவர்களில் கூலிக்கு வந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

காகித வேலை எளிது. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும், ஆதார் செல்லாது. அன்னபூர்ணா பகுதிக்கான அனுமதிச்சீட்டு, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,000 நேபாள ரூபாய், மற்ற வெளிநாட்டினருக்கு 3,000. நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம். மேலே பணம் எடுக்க வழியில்லை; முழுப் பணத்தையும் பொக்காராவிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். காப்பீடு எடுக்கும்போது, 5,000 மீட்டர் வரையிலான நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்தும் என்று எழுத்தில் இருக்க வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் உயரத்துக்கு வரம்பு உண்டு.

உடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், பொக்காராவில் வியர்க்கும் நாளில் மேலே விடியலில் பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். பருத்திச் சட்டை வேண்டாம், நனைந்தால் காயாது. கனமான இறகு ஜாக்கெட்டையும் உறங்கு பையையும் பொக்காராவில் வாடகைக்கே எடுக்கலாம். காலணியை மட்டும் ஊரிலேயே வாங்கி இரண்டு மாதம் போட்டுத் தேய்த்துக்கொண்டு போங்கள். பாட்டில் தண்ணீரை நம்பாமல் குளோரின் மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை நீங்கள்; ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மோதி கோலாவின் ஒடுங்கிய வாயிலைத் தாண்டியதும் நிலம் ஒரு கிண்ணம்போல விரிகிறது. சுற்றிலும் 6,000, 7,000 மீட்டர் சிகரங்கள். மேற்கில் அன்னபூர்ணா தெற்கு, வடக்கில் 8,091 மீட்டர் அன்னபூர்ணா முதல் சிகரம். கிழக்கே மச்சபுச்ரே, 6,993 மீட்டர். 1957இல் ஜிம்மி ராபர்ட்ஸின் பிரிட்டிஷ் குழுவினர் அதன் உச்சிக்கு ஐம்பது மீட்டர் அளவே மிச்சமிருக்கத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அந்த மலை ஏறுவோருக்கு மூடப்பட்டது. சூரியன் மச்சபுச்ரேக்குப் பின்னாலிருந்து எழுவதால், நீங்கள் இன்னும் இருட்டில் கைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரே அன்னபூர்ணாவின் முகட்டில் வெளிச்சம் பட்டு, தெற்குச் சுவரின் ஒவ்வொரு பனி விளிம்பாகக் கீழே இறங்கும். 1970இல் கிறிஸ் போனிங்டன் தலைமையிலான குழு அந்தச் சுவரின் வழியேதான் ஏறியது; டான் வில்லன்ஸும் டூகல் ஹாஸ்டனும் உச்சியை அடைந்தார்கள், இறங்கும்போது இயன் கிளவ் பனிக்கட்டி சரிந்து இறந்தார். சுவரின் உயரம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் என்பதை எண்ணிக்கொண்டு பார்த்தால்தான் அந்த ஏற்றத்தின் அளவு பிடிபடும். 1997 டிசம்பரில் இதே மலைத்தொடரில் மறைந்த மலையேற்ற வீரர் அனடோலி புக்ரீவின் நினைவுக்கல்லும் முகாமின் மேட்டில் கொடித்துணிகள் சுற்ற நிற்கிறது.

அந்த மேட்டுக்கு அப்பால் பனியாறு தள்ளிவிட்ட கல்லும் மண்ணுமான கரை. விளிம்பு வரை புல் வளர்ந்திருப்பதால் உறுதியான தரை என்று தோன்றும். அடியில் மண் அரித்துப் போயிருக்கும், கூழாங்கற்கள் உதிர்ந்து விழும் சத்தம் நின்று கேட்டால் காதில் விழும். விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளியே நில்லுங்கள். குழுவாகப் படம் எடுக்க அங்கே போக வேண்டாம்.

ஒன்பது நாள்தான் என்று முடிவானால் இப்படி அமைத்துக்கொள்ளுங்கள்: மூன்றாம் நாள் பொக்காராவிலிருந்து ஜீப்பில் உல்லேரி, நான்காம் நாள் கோரேபானி, 2,860 மீட்டர், ஐந்தாம் நாள் விடியலில் 3,210 மீட்டர் புன் ஹில் ஏறி இறங்கி, காட்டு வழியே தாதாபானி, ஆறாம் நாள் கந்த்ருக் வந்து ஜீப்பில் பொக்காரா, ஏழாம் நாள் மிச்சம், எட்டு, ஒன்பதில் ஊர். எந்த இரவும் 3,000 மீட்டருக்கு மேல் தூங்குவதில்லை என்பதால் 52 வயது நண்பருக்கும் இது பொருத்தமானது. 13 நாள் கிடைத்து அடிவார முகாமுக்கே போகிறீர்கள் என்றால், அந்த மிச்ச நாளைக் காட்மாண்டுவில் கடை சுற்றுவதற்கென்று முன்கூட்டியே ஒதுக்கிவிடாமல், இறங்கி ஜினு தண்டா வந்து சேரும்வரை கையில் வைத்திருங்கள். அதுவரை செலவாகவில்லை என்றால், ஜினுவின் ஆற்றங்கரையில் உள்ள வெந்நீர் ஊற்றில் அந்த ஒரு நாளும் கிடக்கலாம். சோம்ரோங் படிகளுக்குப் பிறகு ஆறு பேரின் முழங்கால்களும் அதைத்தான் கேட்கும்.